புஹாரி நானா சொன்ன கொழும்பு

பண்டாரவளை வரைக்கும்தான் ரயில் வந்திருந்த காலம். பதுளைப் பட்டணத்திலிருந்து புடவைப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு தோட்டந்தோட்டமாக ஏறி இறங்கிய வியாபாரிகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தார்கள். ஆனாலும் ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக் கூலிகள் குடியிருந்த லயத்தில் "நானா வந்துட்டாரு" என்று ஒரு குரல் எழும்பினால் அது புஹாரி நானாதான். மற்றவர்கள் சீலை மட்டும் கொண்டுவந்தார்கள். இந்த மனுஷன் சீலையோடு கொழும்பையும் கட்டிக்கொண்டு வந்தார்.

இளம் வயதில் ஏழு வருஷம் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நின்றவர். பதுளைக்கு வந்து ஜெமீலாவை நிக்காஹ் செய்து குடியேறிய பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரக்கெடுக்கக் கொழும்பு போய்வந்தார். பெட்டியை இறக்கி வைத்தால் முதலில் திறப்பது வாயைத்தான், பூட்டைப் பிறகுதான் என்று ஜெமீலாவே சொல்லிச் சிரிப்பாள்.

அவர் சொன்ன கொழும்பு ஊரார் சொல்லும் கொழும்பு அல்ல. கவர்னர் பங்களாவையும் கப்பலையும் கண்ணுள்ள எவனும் பார்ப்பான், அதற்கு நான் எதற்கு என்பார். பழைய மணிக்கோபுரத்துக்குப் போனால் மேற்குப் பக்கமாக நிற்க வேண்டும், பதினொரு மணிவரைக்கும் நிழல் விலகாது. காலிமுகத்திடலில் வெள்ளைக்காரன் குதிரை விடும் புல்லை மிதிக்காமல் தெற்குக் கோடிக்குப் போனால் ஒரு தட்டைக் கல் இருக்கிறது, எப்பேர்ப்பட்ட அலையும் அங்கே முழங்காலுக்கு மேல் நனைக்காது. செட்டியார் தெருவில் முருகன் கோயிலுக்கு எதிரே மூன்றாவது நகைக்கடைப் படிக்கட்டில் உட்கார்ந்தால் யாரும் எழுப்பிவிட மாட்டார்கள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் புறக்கோட்டைத் தெருக்குழாய்க்கு வருவார். இரும்புக் குழாய், திருகினால் தண்ணீர், நீ யார், என்ன சாதி என்று கேட்க ஒரு நாதி கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, அவர் சொல்லும்போது லயத்துப் பெண்கள் கையில் எடுத்த சீலையை மறந்துவிட்டு நின்றார்கள்.

எல்லாரையும்விட வாயைப் பிளந்து கேட்டவன் தம்பையா. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிற ஆள், இருபத்தைந்து வயது, பெண்டாட்டி தனலெட்சுமி அப்போது ஆறு மாதம் முழுகாமல் இருந்தாள். அந்தக் குழாயைப் பற்றி மட்டும் அவன் நாலு தடவை திருப்பித் திருப்பிக் கேட்டான். பிறகு ஒருநாள் நானாவைத் தேயிலைப் பாத்தி ஓரமாக ஒதுக்கிக் கூட்டிப்போய், கொழும்பில் பிழைக்கப் போகிறேன், வழி சொல்லுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

தோட்டத்தை விட்டு ஒருவன் போக வேண்டுமானால் துண்டு வேண்டும். தொரை கையெழுத்துப் போட்ட விடுதலைச் சீட்டு அது. துண்டு இல்லாமல் போகிறவன் ஓடிப்போன கூலி. பண்டாரவளை ஸ்டேஷனிலேயே கழுத்தைப் பிடிப்பார்கள், அவனுக்கு உதவி செய்தவனுக்கும் மறியல் வீட்டுச் சிறைதான். புஹாரிக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் தன் கொழும்பை நம்பி ஒருத்தன் புறப்படுகிறான் என்ற பெருமை மண்டைக்கு ஏறிவிட்டது. ரயில் பக்கம் போகாதே, ஹப்புத்தளை வழியாக ரோட்டைப் பிடி, ஹல்துமுல்லையில் வழிப்போக்கர் தங்கும் அம்பலம் இருக்கிறது, நல்ல காற்று, அங்கே இரண்டு நாள் படுத்துக் களைப்பாறிவிட்டு இறங்கு என்று மளமளவென்று சொல்லிவிட்டார். அந்த அம்பலத்தில் அவர் ஒரு பொழுதும் தங்கியதில்லை. யாரோ சொல்லக் கேட்டதுதான். தோட்டத்து ஆள் என்று தெரியாமல் இருக்கட்டும் என்று நீலக்கட்டம் போட்ட ஒரு தலைத்துண்டையும் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

தம்பையா போய் ஒரு கிழமைக்குள் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு வியாபாரத்துக்குப் போனார் புஹாரி. அம்பலத்தை நெருங்கும்போதே நாற்றம் அடித்தது. வாந்திபேதி. உள்ளே கிடந்தவர்களை ஓலைப்பாயில் வைத்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர்த் தலைவரான ஆராச்சி ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவனையெல்லாம் நிறுத்தி, இந்த முகங்களில் யாரையாவது தெரியுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது பாயில் நீலக்கட்டத் துண்டு கிடந்தது. அதற்குக் கீழே தம்பையாவின் முகம்.

தெரியும் என்று சொன்னால் என்ன ஆகும் என்று புஹாரி ஒரு நொடியில் கணக்குப் போட்டார். நோய் தொற்றியிருக்கும் என்று பன்னிரண்டு நாள் முகாமில் அடைப்பார்கள். பெட்டியை நெருப்பில் போடுவார்கள். இவன் யார், எந்தத் தோட்டம், யார் வழி சொன்னது என்று விசாரணை வரும். "யாரோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, சால்வையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஆராச்சி அந்தப் பாய்க்கு நேரே பேர் எழுதாமல் ஒரு கோடு போட்டார்.

அடுத்த தடவை லயத்துக்கு வந்தபோது தனலெட்சுமி பெட்டிக்கு முன்னால் முதல் ஆளாக நின்றாள். நானா கொழும்புக்குப் போனீங்களா, அவரைக் கண்டீங்களா என்று கேட்டாள். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தார். வழிநெடுக வார்த்தைகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். அவளுடைய வயிற்றையும் முகத்தையும் பார்த்ததும் அத்தனையும் கலைந்துவிட்டது.

"ஓம் புள்ள, கண்டேன். மணிக்கோபுரத்தடியில நிக்கிறான். சுகமா இருக்கான்."

பாவி மனுஷன், வாயை மூடிக்கொண்டாவது நின்றிருக்கக் கூடாதா? அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் அவருக்கே ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. எந்தப் பக்கம் நிற்கிறார் என்று கேட்டாள். மேற்குப் பக்கம், நிழலில் என்றார். துண்டு இல்லாத ஆளுக்கு யார் மூலமாகவும் சேதி அனுப்ப முடியாது, பிடிபட்டுவிடுவான், நீயும் யாரிடமும் வாய்விடாதே என்று எச்சரிக்கை வேறு. வருகிற மாதம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் நாள் குறித்துக்கொண்டு மலையிறங்கினார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். புஹாரியின் புளுகு எட்டு மாதம் நின்றது. நல்ல பொய்க்காரர், ஒவ்வோர் இடமும் அவருக்கு உள்ளங்கை ரேகை. தம்பையா இப்போது செட்டியார் தெருவில் மூன்றாவது படிக்கட்டில் உட்கார்ந்து முருகனைக் கும்பிடுகிறான். தம்பையா காலிமுகத்திடல் கல்லில் உட்கார்ந்து பொழுதிறங்கும் நேரம் கடலைப் பார்க்கிறான். தனலெட்சுமி கொழுந்து கிள்ளும் மலையிலும் அந்த இடங்களைச் சொல்லிக்கொண்டே நடந்தாள். பெண்பிள்ளை பிறந்தபோது, அப்பன் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அதன் காதில் சொன்னாள்.

முதல் தடவை அவனைக் கொழும்பில் கண்டபோது புஹாரிக்குப் பயம்கூட வரவில்லை. சரக்கெடுத்துவிட்டு மணிக்கோபுரப் பக்கம் போனார். நல்ல வெயில். மேற்குப் பக்க நிழலில் ஒருவன் முதுகைக் காட்டி நின்றான், தலையில் நீலக்கட்டத் துண்டு. நாட்டில் நீலக்கட்டத் துண்டுக்கா பஞ்சம் என்று சொல்லிக்கொண்டு கடந்துபோனார். திரும்பி வரும்போது அவன் இன்னும் நின்றான். இப்போது இவர் பக்கம் பார்த்து நின்றான். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. அடுத்தது எங்கே போக வேண்டும் நானா என்று வழி கேட்கிற முகம். ஜனங்கள் அவனுக்குக் குறுக்கே நடந்தார்கள், அவன் விலகவில்லை.

அதற்குப் பிறகு எந்த இடத்தை லயத்தில் சொன்னாரோ அந்த இடத்தில் அவன் இருந்தான். செட்டியார் தெருப் படிக்கட்டில் இருந்தான். காலிமுகத்திடல் கல்லில் இருந்தான். அலை அடித்தது, அவன் நனையவில்லை. சாமானைக் கட்டிக்கொடுத்த கடைக்காரர் ஸமீம், என்ன நானா பேயடித்த மாதிரி நிற்கிறீர்கள் என்று கேட்டதற்குப் புஹாரியால் சிரிக்கக்கூட முடியவில்லை. ஏழு வருஷம் நின்று நடந்து நேசித்த பட்டணம், இன்னும் எந்த மூலையைச் சொன்னாலும் அங்கே அவன் வந்து உட்காருவான். இனி ஓர் இடமும் சொல்லப் போவதில்லை என்று சத்தியம் செய்துகொண்டார். தொழுகையில் நிற்கும்போதும் அந்த முகம் வந்தது. உடம்பு மெலிந்தது. ஜெமீலா ஓதித் தண்ணீர் கொடுத்தாள், கையில் நூல் கட்டிவிட்டாள்.

அடுத்த மாதம் தனலெட்சுமி இடத்தைக் கேட்கவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வேறொன்றைக் கேட்டாள்.

"நானா, கொழும்புல தண்ணிக்குப் பஞ்சமா? அவரு நெதமும் கனவுல வந்து தண்ணி தண்ணின்னு கேக்குறாரு. நாக்கெல்லாம் வறண்டு போயிருக்கு."

புஹாரிக்குச் சத்தியம் மறந்துபோய், அப்படியெல்லாம் இல்லை, புறக்கோட்டைக் குழாயில் அவன் வயிறு முட்டக் குடிக்கிறான் என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு தலையில் அடித்துக்கொண்டு என்ன பயன்? அந்தத் தடவை கொழும்பில் அந்தத் தெருவுக்கே போகக் கூடாது என்றுதான் இருந்தார். கால் கேட்கவில்லை. குழாயடியில் தம்பையா குனிந்து நின்றான். குழாய் திறந்திருந்தது. இரண்டு கையையும் கூட்டிப் பிடித்திருந்தான். தண்ணீர் கை வழியாக நேரே தரையில் விழுந்துகொண்டிருந்தது, ஒரு சொட்டும் வாய்க்குப் போகவில்லை. அவன் திரும்பத் திரும்பக் கையைக் கூட்டினான். புஹாரி நடுத்தெருவில் உட்கார்ந்து பிள்ளையைப்போல் அழுதார்.

ஊர் திரும்பியதும் தோட்டத்தில் கோடங்கி பார்க்கிற மாரிசாமியிடம் போனார். தனக்குத் தெரிந்த வேறு யாருக்கோ நடந்ததைப்போலச் சுற்றி வளைத்துக் கேட்டார். செத்தவன் தண்ணீர் கேட்டால் என்ன அர்த்தம் என்றார். மாரிசாமி வெற்றிலையை மென்றுகொண்டே, இதிலே அர்த்தம் பார்க்க என்ன இருக்கிறது, பதினாறாம் நாள் கருமாதி செய்து தண்ணீர் வார்க்காமல் விட்டிருப்பார்கள், பெண்டாட்டி கழுத்தில் தாலி கிடக்கிற வரைக்கும் அவன் வீட்டுக்குச் செத்தவனும் இல்லை இருக்கிறவனும் இல்லை, யார் எங்கே கூப்பிட்டாலும் அங்கே போய் நிற்பான், வேறென்ன செய்வான் என்றார்.

புஹாரிக்கு இது தோன்றவே இல்லை. இறந்தவனைப் பற்றிச் சொன்னால் உயிரோடு இருக்கிறவளுக்குத்தான் கேடு என்று நினைத்திருந்தார். சொல்லாமல் இருப்பதும் ஒரு தர்மம் என்று மனதைத் தேற்றியிருந்தார். போனவனுக்கு இவளுடைய கையால் ஒரு செம்புத் தண்ணீர் வேண்டியிருக்கும் என்பதும், தன் பொய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் விளங்கின.

அப்படியும் அவர் உடனே போய்ச் சொல்லவில்லை. நாலு நாள் மென்று விழுங்கினார். ஐந்தாம் நாள் லயத்துக்குப் போனபோது தனலெட்சுமியே அவரைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு வரச் சொன்னாள். அவள் முடிவெடுத்துவிட்டாள். ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் கலைந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை புறப்படப் போகிறாள். துண்டு கேட்டால் கங்காணி வாங்கிக்கொடுக்க மாட்டார், கேட்கவும் போவதில்லை. அவருக்குச் சொன்ன அதே வழியை எனக்கும் சொல்லுங்கள், அந்த அம்பலத்திலேயே தங்கிப் போகிறேன், நீங்கள் சொன்ன நாலு இடத்திலும் தேடினால் ஓர் இடத்தில் இல்லாமலா போய்விடுவார் என்றாள். பிள்ளை அவருடைய தாடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

ஹல்துமுல்லைப் பக்கம் திரும்பவும் வாந்திபேதி என்று இரண்டு நாளுக்கு முன்புதான் பதுளைக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

"போகாத புள்ள," என்றார் புஹாரி. "அவன் அங்க இல்ல. கொழும்புக்குப் போய்ச் சேரவே இல்ல. அம்பலத்திலேயே மௌத்தாகிட்டான். நான் என் கண்ணால கண்டேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நோயைச் சொன்னார், பாயைச் சொன்னார், ஆராச்சி கேட்டதையும் தான் சொன்ன பதிலையும் சொன்னார். கொழும்பில் கண்டதை மட்டும் சொல்லவில்லை. அது அவருடைய தண்டனை, அவளுக்கு எதற்கு? தனலெட்சுமி கல்லில் உட்கார்ந்தாள். கத்தி அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து நின்றார். தூற்றியிருந்தால் அவருக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பிள்ளை குடித்து முடித்ததும் தலையை நிமிர்த்தினாள்.

"கொழும்புல ஒரு கல்லு எங்க கெடக்குன்னு சொன்னீங்க. எந்தப் பக்கம் நெழலு விழும்னு சொன்னீங்க. எம் புருசன் கெடக்குற எடத்தச் சொல்லுங்க நானா. அங்க என்ன இருக்கு?"

எங்கே புதைத்தார்கள், ரோட்டுக்கு மேலேயா கீழேயா, அங்கே மரம் நின்றதா, ஓடை இருந்ததா? மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தவனுக்கு எது தெரியும்? வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. கொழும்பையே தலையில் தூக்கித் திரிந்த மனுஷன், பீலிக்கரையில் ஓர் ஊமையாக நின்றார்.

"அப்ப வாங்க," என்றாள் அவள். "போய்ப் பாப்போம்."

தனலெட்சுமி சொல்லி மாரிசாமி கங்காணியிடம் போய்ப் பேசினார். சாவு என்றதும் கங்காணி முறைத்துக்கொண்டே ஐந்து நாள் விடுமுறை வாங்கிக்கொடுத்தார். கைப்பிள்ளையோடு நோய் கிடக்கிற ஊருக்கா என்று புஹாரி எவ்வளவோ மன்றாடினார். தனலெட்சுமி வீட்டுத் தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் எடுத்துக்கொண்டாள், அம்பலத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்றாள், வேறு பேச்சுக்கு இடமில்லை. மாரிசாமியும் சேர்ந்து மூன்று பேரும் பிள்ளையுமாக இரண்டு நாள் நடந்தார்கள்.

ஆராச்சி கொப்பியைப் புரட்டினார். பேர் இருந்தவர்களை அவரவர் ஆட்கள் வந்து பார்த்துக் கல் நட்டிருக்கிறார்கள். பேர் இல்லாதவர்களுக்குக் கோடு மட்டும்தான். ரோட்டுக்குக் கீழே, மானாப்புல் வளர்ந்த சரிவில், பதினொரு மேடுகளைக் காட்டினார். எது எவருடையது என்று அவருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஒருவன் பேர் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன் என்றார். புஹாரியை அவர் அடையாளம் காணவில்லை.

அதிகாலையில் ஓடைக்கரையில் மாரிசாமி செய்ய வேண்டியதைச் செய்தார். தனலெட்சுமி தாலியைக் கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். பிறகு ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்தாள். நடுவிலே ஓர் இடத்தில் ஊற்றி மனதால் நினைத்தால் போதும், போய்ச் சேர்ந்துவிடும் என்றார் மாரிசாமி.

"எது அவருதுன்னு தெரியாம எதை விடச் சொல்றீங்க?"

ஒரு மேட்டுக்கு ஒரு செம்பு. ஓடைக்கு இறங்குவாள், மொண்டுகொண்டு ஏறுவாள், தலைமாடு எது கால்மாடு எது என்று தெரியாத மண்ணில் ஊற்றுவாள், திரும்ப இறங்குவாள். பிள்ளை புஹாரியின் கையில் இருந்தது. உதவி செய்கிறேன் என்று அவர் எழுந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினாள். புஹாரி அந்தச் சரிவெங்கும் நீலக்கட்டத் துண்டைத் தேடினார். கொழும்பில் சொன்ன இடமெல்லாம் வந்து நின்றவன் இங்கே வரவில்லை. வந்து, இதுதான் நானா என் இடம் என்று ஒரு மேட்டின் மேல் நின்றுவிட மாட்டானா என்று அவர் ஏங்கினார். வெறும் புல் அசைந்தது.

பதினோராவது மேட்டிலும் ஊற்றி முடித்துவிட்டு வந்து அவள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள்.

"நல்லா பாத்துக்கங்க நானா. லயத்துல நீங்கதான் வந்து சொல்லணும். கொழும்பச் சொன்ன வாயாலயே சொல்லணும்."

அவர் பார்த்தார். வெயில் ஏறும்வரைக்கும் நின்று பார்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்து வாசலில் வழக்கம்போல எல்லாரும் கூடினார்கள். தம்பையா இறந்த சேதி தெரியும். எப்படி, எங்கே என்று மாரிசாமி வாய் திறக்கவில்லை. துக்கத்தை மாற்ற வேண்டுமென்றோ என்னவோ, நானா கொழும்பைச் சொல்லுங்கள் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். புஹாரி பெட்டியை இறக்கவில்லை. தலையில் சுமந்தபடியே நின்றார். கூட்டத்தின் பின்னால், கழுத்தில் ஒன்றும் இல்லாமல், தனலெட்சுமி பிள்ளையோடு நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹல்துமுல்லை அம்பலத்தத் தாண்டினா, ரோட்டுக்குக் கீழ ஒரு சரிவு," என்று அவர் தொடங்கினார். "மானாப்புல் இடுப்பளவு. காலையில வெயில் படுறதுக்கு நேரமாகும். வலது பக்கத்தில ஓடை, சத்தம் கேக்கும். அங்க பதினொரு மேடு. அதில ஒண்டு தம்பையாவுட. எது எண்டு எனக்குத் தெரியா. அவன் பேர் என்ன எண்டு ஆராச்சி என்கிட்டக் கேட்டாரு. நான் சொல்லல்ல."